வண்டி நிற்கும்வரை பொறுங்கள்: வாடகைக் கார் முன்பதிவு நிறுவனத்தாருக்குக் காரைக்குடி டிரைவர் ஒருவரின் திறந்த மடல்

நிறுவனத்தாருக்கு,

உங்களிடம் என் காரை அட்டாச் செய்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் பதினாறு வருடம் காரைக்குடி ஸ்டாண்டில் ஓட்டினேன். பொங்கலுக்கு முன் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். இதே விஷயத்தை உங்கள் கஸ்டமர் கேருக்கு இரண்டு முறை போன் செய்து சொன்னேன். இரண்டு முறையும் இயந்திரக் குரல்தான் கேட்டுக்கொண்டது, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லி வைத்துவிட்டது. அதனால் இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

காரைக்குடி ஆபீஸில் போன் எடுத்துப் பேசும் ஆட்கள் இனி கிடையாது, டிரிப் விவரம், பார்ட்டி நிற்கும் இடம், வெயிட்டிங் கணக்கு எல்லாவற்றையும் டிரைவர்கள் போனில் பேசும் இயந்திரக் குரல் சேவையிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது கேட்கும் கேள்விக்கு 15 விநாடிக்குள் வாயால் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிரிப் அடுத்த வண்டிக்குப் போய்விடும், மூன்று முறை தவறினால் ஸ்டார் குறையும். இதெல்லாம் உங்கள் தொழில், உங்கள் கணக்கு, சரி. ஆனால் கடைசி வரியில் "கையால் தொடாமல் பேசுவதால் வண்டி ஓட்டும்போதும் முழுப் பாதுகாப்பானது" என்று போட்டிருந்தீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்கு ஒரு பார்ட்டியை ஜங்ஷனில் இறக்கிவிட்டேன். அடுத்த டிரிப் கண்டரமாணிக்கம் என்று போனில் வந்தது. குன்றக்குடி ரோட்டைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல இருட்டு, கொஞ்சம் பனியும் இருந்தது. போன் ஸ்டாண்டில் மாட்டியிருந்தது, புளூடூத் காரோடு சேர்ந்திருந்தது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தேன். குரல் கேட்டது: "போகும் ஊரை உறுதி செய்யவும்." கண்டரமாணிக்கம் என்றேன். "கண்டனூர், சரியா?" என்றது. இல்லை, கண்டரமாணிக்கம் என்றேன். "கண்டவராயன்பட்டி, சரியா?" என்றது. 15 விநாடி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த டிரிப்பும் போனால் அன்றைக்கு மூன்றாவது. குரலை உயர்த்தி, எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்கள் எங்கள் பக்கத்து ரோட்டில் எத்தனை பேர் என்று இந்த ஊரில் ஒரு தை மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நகரத்தார் காவடி, அதன் பின்னால் ஊர் ஊராகச் சேர்ந்து வரும் கூட்டம், தனித்தனிக் குழுக்கள். வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கும் ரோட்டு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தோள் பையில் ஒளிரும் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தார்கள். என் ஹெட்லைட் அவர்கள் மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது. என் கண்ணும் ரோட்டில்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் இருப்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு சின்னப் பையன் கையிலிருந்து விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தார் ரோட்டுக்குள் இரண்டடி வைத்தான். அப்போதுதான் உறைத்தது.

பிரேக் பிடித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் அந்தப் பையனுக்கும் பம்பருக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வயதான ஆச்சி பையனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, "பாத்து வரப்படாதாப்பா" என்று மட்டும் சொன்னார். என்னால் பதில் பேச முடியவில்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் உங்கள் குரல் பேசிக்கொண்டிருந்தது. "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள். மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

டிரிப் அடுத்த வண்டிக்குப் போய்விட்டது. ஸ்டாரும் குறைந்தது. அதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை.

கை சும்மா இருந்தது, கண் ரோட்டில் இருந்தது, பிறகு ஏன் தெரியவில்லை? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன், கற்றவர்களிடமும் கேட்டேன். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியர் இதையே வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். கையில் பிடிக்காமல் போனில் பேசிக்கொண்டே ஓட்டுபவர்கள், தங்கள் பார்வை நேராகப் பட்ட பொருட்களைக்கூடப் பிறகு நினைவில் வைத்திருக்கவில்லை என்று அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அந்தத் தோள் பை ஸ்டிக்கர்கள்தான் ஞாபகம் வந்தன. பார்வை பட்டது, மனசில் பதியவில்லை.

குரல் கட்டளைகளையே வைத்து அதே பேராசிரியர் அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் பாதுகாப்பு அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வும் இருக்கிறது. 2015-ல் வந்தது. குரலில் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்பிவர சில கருவிகளில் 27 விநாடி வரை ஆகிறது என்கிறது அது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16, 17 மீட்டர் போகும். 27 விநாடியில் 450 மீட்டர். நீங்கள் கொடுத்த 15 விநாடியில் 250 மீட்டர். காரைக்குடியைச் சுற்றி எந்த ரோட்டிலும் 450 மீட்டருக்குள் ஒரு டீக்கடையோ, கண்மாய்க்கரை வளைவோ, ஆட்டுக்கிடையோ, ரோட்டில் காயவைத்த நெல்லோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிளோ குறுக்கிடாமல் இருக்காது.

சாலைத் தகவலுக்கென்றே 2000-ல் 511 என்று ஒரு எண்ணை நாடு முழுவதற்கும் ஒதுக்கியவர்கள் அமெரிக்கர்கள். குரலால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சேவைகளும் அங்கே உண்டு. அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே 2011 டிசம்பரில், அவசரத்துக்கு அல்லாமல் வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே வேண்டாம், கையில் பிடிக்காமல் பேசுவதும் அதில் அடங்கும் என்று எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரை செய்தது. உங்கள் சுற்றறிக்கையை எழுதியவர் இதைப் படித்திருந்தால் "முழுப் பாதுகாப்பானது" என்று எழுத மனம் வந்திருக்காது.

ஓட்டும்போது பேசவே கூடாதா, பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் ஸ்ட்ரேயரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆய்வு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. நெரிசல் வந்தால், திருப்பம் வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுகிறார், அல்லது ரோட்டைப் பற்றியே பேசுகிறார். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின் சீட்டில் ஆச்சிமார்கள் கல்யாண விசேஷத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்கள். எதிரே ஒரு லாரி ஏறி வந்தால் வண்டிக்குள் எல்லாப் பேச்சும் தானாக அடங்கிவிடும். லாரி கடந்ததும் "என்ன சொல்லிட்டிருந்தேன்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

காரைக்குடி ஆபீஸ் டெஸ்க்கில் போன் எடுத்துப் பேசி, நீங்கள் வேலையை விட்டு அனுப்பிய தங்கச்சியும் அப்படித்தான். அவர் ரோட்டைப் பார்த்ததில்லை, ஆனால் காது இருந்தது. ஹாரன் சத்தம் கேட்டாலே, "அண்ணே, வண்டி ஓடிக்கிட்டிருக்கா? ஓரங்கட்டிட்டுக் கூப்பிடுங்க, டிரிப் எங்கேயும் போகாது" என்பார். அந்த "டிரிப் எங்கேயும் போகாது" என்ற வார்த்தையை நம்பி எத்தனையோ நாள் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி விவரம் கேட்டு எழுதிக்கொண்டேன். இப்போது அந்த இடத்தில் ஒரு குரலையும் ஒரு கடிகாரத்தையும் வைத்திருக்கிறீர்கள். அந்தக் குரலுக்கு எதிரே லாரி வருவது தெரியாது, நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்பதும் தெரியாது. நான் சும்மா இருந்தால் அது தப்பு, அதற்கு ஸ்டார் குறையும்.

ஊர் பெயர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் பட்டிருக்கும். எங்களைத் திரும்பத் திரும்பப் பேசவைப்பதே இந்தப் பெயர்கள்தான்.

நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று எழுபது சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றன. கண்டனூர் காரைக்குடிக்குக் கிழக்கே, புதுவயல் பக்கம். கண்டரமாணிக்கமும் கண்டவராயன்பட்டியும் மேற்கே. மூன்றும் "கண்ட" என்றுதான் தொடங்கும், உங்கள் குரல் முதல் மூன்று எழுத்தோடு முடிவு செய்துவிடுகிறது. ஆத்தங்குடி என்றால் இளையாத்தங்குடி என்கிறது. ஒன்று வீட்டுத் தரைக்குக் கல் பதிக்கப் போகிறவர்கள் தேடும் ஊர், இன்னொன்று கோயில் ஊர், இரண்டுக்கும் நடுவே எத்தனையோ கிலோமீட்டர். சிறுவயல் உண்டு, ஓ. சிறுவயலும் உண்டு. கொத்தமங்கலம் என்றால் ஒரு நாள் கேரளாவுக்கு வழி சொன்னது, இன்னொரு நாள் ஆலங்குடி பக்கத்துக் கொத்தமங்கலத்தைக் காட்டியது, பார்ட்டியோ பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கொத்தமங்கலத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். திருப்பத்தூர் என்றால் 2019-ல் தனி மாவட்டம் ஆன வடக்குத் திருப்பத்தூருக்குப் போகிறது. தேவகோட்டை ரஸ்தா என்று நான் சொன்னால் ரஸ்தாவை விழுங்கிவிட்டு "தேவகோட்டை, சரியா?" என்கிறது. ரஸ்தா ஸ்டேஷனில் ரயில் இறங்கிய ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, அப்படி முக்கால் மணி நேரம் காத்திருந்தது. எங்கள் பக்கத்து ஊர் பெயரான செட்டிநாடு என்று சொன்னால், ரயில் நிலையம் இருக்கும் அந்த ஊரை விட்டுவிட்டு அசைவ ஓட்டல்களைப் பட்டியல் போடுகிறது.

அப்புறம் அது கதவு எண் கேட்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளை யாரும் கதவு எண்ணால் சொல்வதில்லை. விலாசம் என்றால் இங்கே குடும்பத்தின் முன்னெழுத்துகள். அந்த மூன்றெழுத்து, நாலெழுத்தைச் சொன்னால் ஊரணிக்கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையை நீட்டிக் காட்டிவிடுவார். வீட்டு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். மேப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே பூட்டுதான் தொங்கும். டெஸ்க் தங்கச்சிக்கு இதெல்லாம் அத்துப்படி. "முகப்புக்குப் போங்கண்ணே, சிவன் கோயில் தெருவில் நுழைஞ்சு ரெண்டாவது வீடு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். உங்கள் குரலிடம் இதைப் பேசி முடிக்க எனக்கு ஏழெட்டுப் பதில் தேவைப்படுகிறது, ஏழெட்டும் வண்டி ஓடும்போது.

மூன்று முறை புரியாவிட்டால் அது என்ன செய்கிறது தெரியுமா? "திரையில் தேர்வு செய்யவும்" என்கிறது. கையால் தொட வேண்டாம் என்று சொல்லி ஆரம்பித்த சேவை, தானே கையால் தொடவைக்கிறது. அந்த நேரத்தில் டிராஃபிக் போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதியில் இடம் கொடுத்தார்கள், அதிலும் ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில் என்று சேர்த்தே எழுதினார்கள். வெயிட்டிங் கணக்கு கேட்பதும் டிரிப்பை உறுதி செய்வதும் வழி பார்ப்பதில் வராது. லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, ஆர்சி புத்தகம் என் பெயரில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எஃப்ஐஆரும் என் பெயரில்தான் இருந்திருக்கும். உங்கள் சுற்றறிக்கையின் கடைசி வரியை நான் எந்த ஸ்டேஷனில் காட்ட முடியும்?

குரல் சேவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் டிரைவர்களில் ஆங்கிலத் திரையைப் படிக்கத் தடுமாறுகிறவர்கள் உண்டு, நாற்பது வயதுக்கு மேல் சின்ன எழுத்து தெரியாதவர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழில் பேசும் குரல் பெரிய உதவி. "அடுத்த திருப்பத்தில் இடது பக்கம்" என்று அது தானாகச் சொல்லும்போது எந்தத் தொல்லையும் இல்லை, காதில் விழுந்ததும் விஷயம் முடிந்தது. என்னைக் கேள்வி கேட்டு, யோசிக்கவைத்து, பதிலுக்குக் காத்திருந்து, அது தப்பாகப் புரிந்துகொண்டதை நான் திருத்தும்படி வைக்கும்போதுதான் ஆபத்து. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினால் அந்த ஆபத்தும் இல்லை. நான் கேட்பதெல்லாம் அந்த ஓரங்கட்டும் நேரத்தைத்தான்.

வண்டி நகர்கிறதா, நிற்கிறதா என்று உங்கள் ஆப்புக்குத் தெரியும். என் வேகம் 80-ஐத் தாண்டினால் உடனே எச்சரிக்கை அனுப்புகிறீர்களே. அதே கணக்கை வைத்து, வண்டி ஓடும்போது குரல் சேவை எந்தக் கேள்வியும் கேட்காமல் இருக்கும்படி மாற்றிக் கொடுங்கள். புது டிரிப் வந்தால் ஒரு மணி ஓசை போதும். நான் ஓரங்கட்டி நின்ற பிறகு உங்கள் விநாடிக் கணக்கு தொடங்கட்டும், அதையும் 15-லிருந்து இரண்டு நிமிடமாக ஆக்குங்கள். ஓட்டும்போது பதில் சொல்லாத காரணத்துக்காக டிரிப்பைப் பறிப்பதும் ஸ்டார் குறைப்பதும் இன்றோடு நிற்க வேண்டும், பொங்கலிலிருந்து அப்படிக் குறைத்த ஸ்டார்களை எல்லா டிரைவர்களுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காரைக்குடி டெஸ்க்கை மறுபடி திறங்கள். முழு நாளும் முடியாது என்றால், விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழு வரையும், இரவு ரயில்கள் வரும் நேரத்திலும் ஒரு ஆளாவது போன் எடுக்கட்டும். நாங்கள் அதிகம் தடுமாறுவது அந்த நேரங்களில்தான். தை மாதம் முழுக்க, பாதயாத்திரை முடியும்வரை, இரவு பகல் இரண்டிலும் ஆள் வேண்டும். பழைய தங்கச்சியையே கூப்பிட்டால் எங்கள் அத்தனை பேருக்கும் சந்தோஷம்.

ஊர் பெயர்களைச் சரிசெய்ய உங்கள் ஆட்களை இங்கே அனுப்புங்கள். நாங்கள் ஸ்டாண்டில் இருப்பவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உட்காரத் தயார். ஒவ்வொரு ஊரையும் நாங்கள் எப்படிச் சொல்கிறோம், பார்ட்டிகள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

சுற்றறிக்கையின் கடைசி வரியை எழுத்து மூலம் வாபஸ் வாங்குங்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இருபத்தொரு, இருபத்திரண்டு வயசுக்காரர்கள். நிறுவனமே பாதுகாப்பு என்று சொல்லிவிட்டதே என்று நம்பி ஓட்டுகிறார்கள். நேற்று ஒரு தம்பி கோட்டையூர் ரோட்டில் போனோடு சண்டை போட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை என் வண்டி ஓடும்போது அந்தக் குரல் கேட்கும் எதற்கும் நான் பதில் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டில் இன்னும் பதினான்கு பேர் இதே முடிவில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டாச் டிரைவர் ஒருவன்,
காரைக்குடி.